வாசல் நிலையின் வயது

ஜூன் 3, திங்கள்

ஒரு வேலை வந்திருக்கிறது. பல வருடமாக நான் காத்திருந்த வேலை.

மண்ணடியில் சங்குக்காரர் சந்து, ஏழாம் எண் வீடு. அதன் கட்டட நிலை பற்றி அறிக்கை எழுத வேண்டும். அழைத்தவர் நைனா முகமது. வீட்டில் பாதிப் பங்கு அவருடையது, மறு பாதி அவருடைய அக்கா ஜுலைகாவுடையது. தம்பிக்கு இடித்து ஆறு மாடி கட்ட வேண்டும். அக்கா அங்கேயே குடியிருக்கிறார், கீழ்த்தளத்தில் கல்யாணக் கார்டு அச்சடிக்கிறார், நகர மாட்டேன் என்கிறார். ஆனால் இடிக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் அக்காவின் பிடிவாதம் அல்ல. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அந்த வீடு முதல் தரம். 'நகரில் எஞ்சியிருக்கும் ஒரே ஆர்மீனிய வணிகர் இல்லம், 1784' என்று வாசலில் பலகை இருக்கிறது. பலகையின் அடியில் பேராசிரியர் எட்வின் சற்குணத்தின் பெயர். பட்டியலை முடிவு செய்யும் குழுவுக்கு இப்போது அவர்தான் தலைவர்.

அந்த 1784-ஐக் கண்டுபிடித்தவன் நான். 1998-இல், இருபத்தேழு வயதில், வாசல் நிலையின் மேல்சட்டத்தில் செதுக்கியிருந்த ஆர்மீனிய எழுத்துகளை ஏணியில் நின்று படியெடுத்தேன். கல்கத்தாவில் ஒரு பாதிரியாருக்கு அனுப்பி, நான்கு மாதம் காத்திருந்து வாசிப்பு வாங்கினேன். என் வகுப்புத் தோழன் எட்வின் நோட்டை ஒரு வாரம் இரவல் கேட்டான். கொடுத்தேன். 2003-இல் அவன் புத்தகம் வந்தது. நன்றியுரை இரண்டு பக்கம். அச்சகத்தில் டீ வாங்கித் தந்தவர் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

வீடு ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று உறுதியானால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். விதி அப்படி. நான் கண்டுபிடித்ததை நானே முடித்து வைக்க எனக்கு முழு உரிமை உண்டு. இருபத்தேழாம் தேதி விசாரணை. எட்வின் எதிரில் உட்கார்ந்து வாசிக்கலாம்.

மனைவி வசுமதியிடம் சொன்னேன். "அந்த எட்வின் வீடா?" என்றாள்.

"என் வீடு."

"உங்க வீட்ல மோட்டார் ரெண்டு நாளா ஓடலை. முதல்ல அதைப் பாருங்க."

ஜூன் 4, செவ்வாய்

மோட்டாரில் கண்டென்ஸர் போயிருந்தது. மாற்றினேன்.

ஜூன் 5, புதன்

பாரிமுனையில் இறங்கி நடந்தேன். இந்தப் பகுதியை என்னைப்போல் அறிந்தவர்கள் இந்த ஊரில் நான்கு பேர் இருந்தால் அதிகம். ஆர்மீனியர் கோயில் மணிக்கூண்டின் நிழலிலிருந்து கிளம்பினால் பத்து நிமிடத்துக்குள் கத்தோலிக்கத் தேவாலயம், கோமுட்டிச் செட்டிகளின் அம்மன் கோயில், மார்வாடிகளின் சமணக் கோயில், மரைக்காயர்களின் பள்ளிவாசல் எல்லாவற்றையும் கடந்துவிடலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் புகைப்படம் எடுக்கிறார்கள். அவற்றின் மதில்கள் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பவர் இல்லை. சனிக்கிழமைகளில் துணிப்பையும் தொப்பியுமாக வரும் பாரம்பரிய நடைக்காரர்களைச் சொல்கிறேன்.

ஜுலைகாவுக்கு ஐம்பது இருக்கும். கை முழுக்க அச்சு மை. ஒரே மேசையில் ஒரு பிள்ளையார் கார்டு, ஒரு சிலுவை கார்டு, குஜராத்தியில் ஒன்று, உருதுவில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தன.

"தம்பி அனுப்புனவரா?" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"ஆமாம்."

"இடிக்கச் சொல்லி எழுதப் போறீங்களா?"

"இருப்பதை எழுதுவேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இந்தப் போர்டு வெச்சதுலேர்ந்து சனிக்கிழமையானா கும்பல் வருது சார். ஆர்மீனியன்காரங்க எங்க படுத்துத் தூங்குனாங்கன்னு கேக்குறாங்க. நான் என் ரூமைக் காட்டிடுவேன். போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க."

சிரித்துவிட்டேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க முன்னாடியே வந்திருக்கீங்க. வாப்பா இருந்தப்ப. ஒல்லியா, மீசையோட. ஏணி மேல நின்னு எழுதிக்கிட்டே இருந்தீங்க. வாப்பாதான் ரெண்டு நாளும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

"நினைவிருக்கிறது" என்றேன். அவர் நினைவு வைத்திருந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் அந்த ஏணியைப் பற்றிப் பேசிய முதல் ஆள்.

"கீழேர்ந்து பேசிக்கிட்டே இருந்துச்சு வாப்பா."

என்ன பேசினார் என்று நினைவில்லை. ஜுலைகா டீ கொடுத்தார்.

ஜூன் 7, வெள்ளி

நாள் முழுக்க ஆய்வு. மேல்தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்கள்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் இறுக்கியது. ஒரு உத்திரமாவது தொய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சுத்தியால் தட்டினால் மணி போல் ஒலிக்கிறது. சுவர் இரண்டடி அகலம், விரிசல் இல்லை. எரிச்சலூட்டும் அளவுக்கு உறுதியான வீடு.

கெட்டுப்போனது ஒரே இடம். வாசல் நிலையின் இடது கால். சாக்கடை ஈரத்தில் கரையான் ஏறியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் நான்கு அங்குலம் உள்ளே போகிறது.

போதும். வீட்டின் பெருமையே அந்த நிலைதான்.

ஜூன் 10, திங்கள்

நைனா முகமது போனில்: "சாரே, 'ஆபத்து'ன்னு ஒரு வார்த்தை. அது போதும் நமக்கு. லாத்தா என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துது. நான் என்ன, அதை ரோட்டுலயா விடப் போறேன்? புது பில்டிங்ல மூணாவது மாடி முழுசா அதுக்குத்தான். லிஃப்ட்டோட."

"உங்க அக்காவுக்கு லிஃப்ட் வேண்டுமா?"

"எல்லாருக்கும் வேணும் சார் லிஃப்ட்டு."

நிலையின் காலைத் திறந்து பார்த்தால் சேதம் எவ்வளவு என்று உறுதியாக எழுதலாம். ஜுலைகா சம்மதித்தார். ஒரு நிபந்தனை: அழுகிய பகுதியை அன்றே மாற்றி, பக்ரீதுக்கு முன் வாசல் பழையபடி நிற்க வேண்டும். "விருந்தாளிங்க பின்வாசல் வழியா வர மாட்டாங்க சார்."

எனக்குத் தெரிந்த ஆசாரி தணிகாசலம், ராயபுரம். கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குத் தணிகாசலம் வந்தார். மேல்சட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்து, நிலையைச் சுவரிலிருந்து விடுவித்தார். நான் மேல்சட்டத்தின் முனைகளை முதல் தடவையாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுத்துகளுக்கு இரு புறமும் திராட்சைக்கொடி செதுக்கியிருக்கிறது. இடப்பக்கம் குலை முழுதாக முடிகிறது. வலப்பக்கம் பாதிக் குலையில் ரம்பம் போட்டு அறுத்திருக்கிறது. அறுத்த முகம் சுவருக்குள் புதைந்திருந்தது.

"இத்த வேற வூட்லேர்ந்து கொணாந்து சொருகிக்கிறான் சார்" என்றார் தணிகாசலம். "வாசல் சிறுசு, நெலை பெருசு. ஒரு சாண் அறுத்துட்டான். நம்மாளுதான். ஆனா நல்ல கை."

"பிறகு எப்போதாவது பழுது பார்த்தபோது அறுத்திருக்கலாம்" என்றேன்.

"படியத் தூக்குவோம். தெரிஞ்சிடும்."

"என்ன தெரியும்?"

"இன்னா சார், இத்தினி வர்ஷம் பாடம் நடத்துனேன்றீங்க. நெலை வெக்கும்போது அடில காசு வெக்காம எவன் வெப்பான்?"

வாசற்படியைக் கடப்பாரையால் நெம்பினார். கீழே சுண்ணாம்புக் குழி. அதில் துணியாக இருந்து மண்ணாகிப் போன ஏதோ ஒன்று, கறுத்த நெல், கடுகளவு பொன், மூன்று செப்புக் காசுகள். தணிகாசலம் எச்சில் தொட்டுத் தேய்த்தார். கால் அணா. விக்டோரியா தலை. ராணி அல்ல, பேரரசி என்றிருந்தது. ஆண்டு மூன்றிலும் ஒன்றே: 1883.

சுவரின் சுண்ணாம்பும் குழியின் சுண்ணாம்பும் ஒரே கலவை, ஒரே பூச்சு, நடுவே இணைப்பு இல்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன், பிறகு உளியால். சுவர் எழுந்தபோதே வைத்த காசு. வீடு 1784-இல் கட்டியது அல்ல. நூறு வருடம் பிந்தியது. ஆர்மீனியர் கட்டியதும் அல்ல.

"இது முஸ்லிம் வீடு. இவர்கள் காசு வைக்க மாட்டார்களே" என்றேன்.

"பாய் வெக்கலன்னா இன்னா? ஆசாரி வெப்பான். பாய் வூடோ, சேட்டு வூடோ, தொரை வூடோ, காசு இல்லாம நெலை ஏத்த எங்க ஆளுங்களுக்குக் கை வராது. அவுரு பாத்தியா ஓதிக்கினு இருந்திருப்பாரு, இவன் நைஸா வெச்சிருப்பான்."

ஜுலைகா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். காசுகளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"1883 சரியாத்தான் இருக்கு" என்றார். "வாப்பாவோட பாட்டனாரு கட்டுன வீடு. சீனி நைனா மரைக்காயரு. கீழக்கரையிலேர்ந்து சங்கு ஏத்திக்கிட்டு வந்தவரு. இந்த நிலையை ஏலத்துல எடுத்தாராம். யாரோ வெள்ளைக்காரன் வீட்டை இடிச்சப்ப."

"உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"எங்க வீடு சார். எங்களுக்குத் தெரியாதா?"

"எட்வின் வந்து ஆர்மீனியர் வீடு என்றபோது ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன். 'அதெல்லாம் குடும்பத்துல சொல்ற கதைம்மா, படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க'ன்னாரு. ஆர்மீனியன் வீடுன்னா யாரும் இடிக்க முடியாதுன்னாரு. சரின்னு வாயை மூடிக்கிட்டேன். வீடு நின்னா போதும், யார் பேர்ல நின்னா என்னன்னு." காசுகளைப் புரட்டிப் பார்த்து, "இப்ப நீங்க எழுதுனா போர்டு போயிரும்ல?" என்றார்.

"தரம் இறங்கும்."

"தரம் இறங்குனா?"

"இடிக்க அனுமதி கிடைக்கலாம்."

அவர் காசுகளை மேசைமேல், ஈரமான கார்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனார். தணிகாசலம் என்னைப் பார்த்தார். "பேசாம வெச்சி மூடிடட்டா சார்? நாம மூணு பேருதானே பாத்தோம்."

புகைப்படம் எடுத்துக்கொண்டேன். மூடச் சொன்னேன், காசுகளோடு. புதுக் கால் பொருத்தி மாலைக்குள் நிலையை நிறுத்திவிட்டார்.

ஜூன் 13, வியாழன்

பரண்மேல் 1998 நோட்டைத் தேடினேன். கிடைத்தது. பல் வலிக்கிறது, நாளை டாக்டரிடம் போக வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

பல் பிடுங்கியாயிற்று.

எட்வின் ஒழிந்தான். இதைத் தெளிவாகப் பார்க்கிறேன். அவன் புத்தகத்தின் அட்டைப் படமே அந்த வீடு. நான்கு பதிப்பு. ஏலத்தில் வாங்கிய ஒரு நிலையைப் பார்த்து ஒரு வீட்டுக்கு வயது சொன்ன பேராசிரியர்!

நோட்டில் முப்பத்தோராம் பக்கம். திராட்சைக்கொடியை அழகாக வரைந்திருக்கிறேன், வலப்பக்கம் பாதிக் குலையோடு. அருகில் கேள்விக்குறிகூட இல்லை. அடியில் என் கையெழுத்தில்: 'வீட்டுக்காரர் தன் பாட்டனார் கட்டியதாகவும் நிலை ஏலத்தில் வாங்கியது என்றும் சொல்கிறார். குடும்பப் பெருமை. பொருட்படுத்த வேண்டாம்.' 'வேண்டாம்' என்பதற்கு இரண்டு அடிக்கோடு.

பெயர் குறித்திருக்கிறேனா என்று முன்னும் பின்னும் புரட்டினேன். எல்லா இடத்திலும் 'வீட்டுக்காரர்' என்றுதான் இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். ஜுலைகாவிடமிருந்து பிரியாணி வந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. பல் பிடுங்கிய பக்கம் படாமல் சாப்பிட்டேன்.

வசுமதி: "இடிக்க வந்தவருக்கு இவ்வளவு கறி போட்டிருக்காங்க. ஒண்ணு ரொம்ப நல்லவங்க, இல்லைன்னா ரொம்ப விவரமானவங்க."

நன்றி சொல்லப் போன் செய்தேன். அப்படியே கேட்டேன்: "உங்கள் வாப்பாவின் முழுப் பெயர் என்ன?"

"காசிம் மரைக்காயர். ஏன் சார்?"

"குறித்துக்கொள்ள."

ஜூன் 19, புதன்

காசு கிடைத்ததை நைனாவிடம் சொன்னேன். வேலை கொடுத்தவர், சொல்லித்தானே ஆக வேண்டும். போனிலேயே குதித்தார்.

"அப்ப ஆர்மீனியனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! அதை எழுதுங்க சார். சாதா பாய் வீடுன்னு எழுதுங்க."

"உங்கள் பெயரையே கொண்ட கொள்ளுப்பாட்டனார் கட்டிய வீடு."

"அதனாலதான் சொல்றேன். என் வீட்டை நான் இடிக்க எனக்கு எதுக்கு சார் அடுத்தவன் பர்மிஷன்?"

இதேபோன்ற ஒரு வாக்கியத்தை நானும் இந்த மாதத் தொடக்கத்தில் எழுதியதாக ஞாபகம். திருப்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அறிக்கையில் 'ஆபத்து' என்ற சொல் வராது. வீடு உறுதியாக இருக்கிறது. உத்திரத்தைப் பற்றிப் பொய் எழுத எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவன்.

மீதி இருப்பது தேதி. எட்வினின் தவறு என்று எழுதினால் அவன் 'இது மணவாளனின் குறிப்பு' என்று என்னைக் காட்ட மாட்டான். அந்த நோட்டு இருந்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டான். ஆகவே எனக்குச் சேதம் இல்லை. இரண்டு பக்கம் தட்டச்சு செய்தேன். நன்றாக வந்தது. கூர்மையான நடை.

வசுமதி படித்தாள். "அப்ப இருபத்தாறு வருஷமா நீங்க 'என்னுது, என்னுது'ன்னு சொன்னது எது?" என்று கேட்டுவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 24, திங்கள்

முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பதினோரு பக்கம். மறுபடி சங்குக்காரர் சந்துக்குப் போய்க் கூடத்தை அளந்தேன், மாடியில் தொழுகை அறையின் மாடங்களை வரைந்தேன். ஜுலைகா பழைய பத்திரம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 1882-இல் வெறும் மனையாக வாங்கியது. காசுக்கும் அதற்கும் பொருந்துகிறது.

ஏணி வேண்டியிருந்தது. ஜுலைகா பிடித்துக்கொண்டார். கீழிருந்து பேசிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

விசாரணை பதினொன்றரைக்கு. குழுவில் ஏழு பேர். நடுவில் எட்வின். நன்றாகப் பெருத்துவிட்டான். "வாடா மணவாளா" என்று எல்லோர் முன்னும் எழுந்து கை கொடுத்தான். அறிக்கையை முன்பே படித்திருக்கிறான் என்பது கையின் ஈரத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் நைனா, மறு பக்கம் ஜுலைகா. நடுவில் நான்கு காலி நாற்காலிகள்.

வாசித்தேன். வீடு 1883-இல் கட்டப்பட்டது. கட்டியவர் கீழக்கரை சீனி நைனா மரைக்காயர். வாசல் நிலை மட்டும் 1784-ஆம் ஆண்டின் ஆர்மீனிய வேலை, ஏலத்தில் வாங்கி, அறுத்துப் பொருத்தியது. ஆதாரங்கள்: காசுகள், சுண்ணாம்பு, பத்திரம், 1998-இல் காசிம் மரைக்காயர் அளித்த வாய்மொழித் தகவல். அதை அன்று ஆய்வாளர் பதிவு செய்து, தானே ஒதுக்கிவிட்டார்.

குழுவில் ஒரு பொறியாளர் அம்மையார் நேராகக் கேட்டார்: "ஆர்மீனியர் வீடு இல்லைன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க சார். அப்புறம் இதை எதுக்குக் காப்பாத்தணும்?"

"அம்மா, ஆர்மீனியர் வீடு என்றால் அது போனவர்களின் வீடு. இது போகாதவர்களின் வீடு. கட்டியவர் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், அதே குடும்பம் இன்றும் உள்ளே இருக்கிறது. அந்தப் பகுதியில் நானூறு வீடுகள் அளந்திருக்கிறேன். இந்த மூன்றும் சேர்ந்து உறுதியாகத் தெரிந்த வீடு வேறு ஒன்று காட்டுங்கள், நான் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். ஆர்மீனியர் நிலையை மரைக்காயர் வாங்கினார், அதன் அடியில் ஆசாரி அவருக்குத் தெரியாமல் காசு வைத்தார். இந்த ஊரை இதைவிடச் சுருக்கமாக யாரும் கட்டிக் காட்டவில்லை."

அப்படி வேறு வீடு எதையும் யாரும் காட்டவில்லை. முக்கால் மணி நேரம் எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். நைனா என்னிடம் வந்தார். "உங்களை நான்தானே சார் கூப்பிட்டேன்?" என்றார். கோபத்தைவிட வியப்பு அதிகம் இருந்தது.

"ஆமாம். நல்ல ஆளைத்தான் கூப்பிட்டீர்கள்."

ஜுலைகா அந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு தம்பியிடம், "லிஃப்ட்டு வேணும்னா பின்பக்கக் கிணத்தடியில கட்ட பர்மிஷன் கேட்டுப் பாரு. அங்க பழசு ஒண்ணும் இல்ல" என்றார். நைனா அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

முடிவு: முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரம். முகப்பு, கூடம், தொழுகை அறை, நிலை ஆகியவற்றைத் தொடக் கூடாது. இடிக்க அனுமதி இல்லை. பலகையில் சீனி நைனா மரைக்காயர் பெயர் வரும்.

எல்லோரும் எழுந்த பிறகு எட்வின் என்னை மேசைப் பக்கம் கூப்பிட்டான். உதவியாளர் கம்ப்யூட்டரில் நடவடிக்கைக் குறிப்பை அடித்துக்கொண்டிருந்தார்.

"மணவாளா, 'முந்தைய ஆய்வில் நேர்ந்த பிழை'ன்னு பொதுவா போட்டுடலாம். யார் பேரும் வேணாம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றான் தணிந்த குரலில். இவ்வளவு வருடத்தில் அவன் எனக்குச் செய்ய முன்வந்த முதல் உதவி.

"யாருடைய ஆய்வு?"

"அதான் சொல்றேனே, பொதுவா..."

"எட்வின், ஒரு தடவை என் பேரை எடுத்தாச்சு. இன்னொரு தடவை எடுக்காதே. தப்பு என்னுது. உன்னுது இல்லை. நீ பார்த்து எழுதினது, அவ்வளவுதான். '1998-இல் மணவாளன் செய்த பிழை'ன்னு போடு."

அவன் முகம் சிவந்தது. சுற்றியிருந்தவர்கள் காகிதங்களை அடுக்குவதுபோல் நின்றார்கள். கடைசியில் தலையை ஆட்டினான்.

உதவியாளர் நிமிர்ந்தார். "இனிஷியல் உண்டா சார்?"

"மு. மணவாளன்" என்றேன். "மு-வுக்குப் பக்கத்தில் புள்ளி."

அடித்தார். திரையைத் திருப்பச் சொல்லிச் சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.